பல்லாவரம் சந்தையில் யாரும் போலி செய்யாத சரக்கு

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கூடும் வெள்ளிக்கிழமைப் பழைய பொருள் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிராமபோனில்தான் ஆரம்பிக்கிறார்கள். பித்தளைக் குழல் வெயிலில் பளபளக்க ஒரு படம், கீழே "அந்தக் காலம்" என்று இரண்டு வரி. நான் அந்தக் கட்சி இல்லை. சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத சரக்கு ஒன்று உண்டென்றால் அது அந்தக் கிராமபோன்தான். நம்பி வாங்கத் தகுந்தவை, யாரும் படமெடுக்காத பழைய மோட்டார், வைஸ் (வேலை செய்யும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி), டிரில் வகையறா.

போன வெள்ளிக்கிழமை அங்கே என்னோடு வந்த நண்பர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலையிலேயே தலை நரைத்தவர். வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை, காரணமும் சொன்னார். காலையில் வருபவர்கள் எலக்ட்ரீஷியன்கள், மெக்கானிக்குகள், பழுது பார்க்கும் கடைக்காரர்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து வருவார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல் வருகிற வேடிக்கைக் கூட்டத்துக்காக விலை வேறு முகம் காட்டத் தொடங்கும்.

முதலில் நாணயக் கடை. 1818 என்று ஆண்டு பொறித்த, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமும் மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் கொண்ட அரையணாக் காசை ஓர் இளைஞர் பயபக்தியோடு கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காசு இந்தியா முழுக்கச் சந்தைகளில் கிடைக்கும். கம்பெனியின் எந்த நாணயச்சாலையிலும் அச்சானதல்ல. இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னையில் கம்பெனி வெளியிட்ட நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசில் விஷ்ணு உருவம் இருந்தது நிஜம். அந்த நிஜத்தின் தோளில்தான் இந்தப் பொய் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோயில்களுக்காகச் செய்த வில்லை என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அபூர்வ நாணயம், வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று விற்கும்போதுதான் அது இரிடியம் கலச மோசடிக்குத் தம்பியாகிறது.

அடுத்து எச்எம்டி கைக்கடிகாரங்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் தயாரிக்கத் தொடங்கியவை. அந்தக் கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு அதன் பழைய ஜனதா, பைலட் மாடல்களுக்குத் திடீர் மவுசு. மவுசு வந்ததும் கம்பெனியே பார்த்திராத நிறங்களில் டயல்கள் வந்தன. உள்ளே இருக்கும் இயந்திரம் பழசு. முகம் புதிதாக அச்சடித்து ஒட்டியது. ஓடும், நேரமும் காட்டும். ஆனால் "தாத்தா காலத்து ஒரிஜினல்" என்று கொடுக்கும் விலை அந்தப் புது முகத்துக்குக் கொடுக்கும் விலை.

கிராமபோன் கதையும் இதுதான். பெரும்பாலும் புதிதாகக் கட்டிய மரப்பெட்டி, புதிதாக வார்த்த குழல், எங்கிருந்தோ கழற்றிய மோட்டார், மேலே எச்எம்வி நாய் படம் ஒட்டிய தகடு.

இப்போது தெருவின் மறுபக்கத்துக்கு வருவோம். தார்ப்பாயின் மேல் மிக்ஸி மோட்டார்கள் குவிந்து கிடக்கின்றன. இவற்றில் போலி செய்ய யாருக்குமே தோன்றவில்லை, ஏனென்றால் மிக்ஸி மோட்டாரைப் பார்த்து யாரும் உருகுவதில்லை. கடைக்காரரிடம் சோதித்துப் பார்க்க ஒரு ஒயரும் பிளக்கும் தயாராக இருக்கிறது. ஓடினால் காசு, ஓடாவிட்டால் எடைக்கு. நண்பர் ஒரு மோட்டாரை எடுத்து கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார், காயிலை நகத்தால் லேசாகச் சுரண்டினார். "செம்பு இல்லை, அலுமினியம்" என்றார். கடைக்காரர் மறுக்கவில்லை. "அதனால்தான் அண்ணே அந்த விலை" என்றார். நாணயக் கடையில் இப்படி ஒரு பதில் கிடைக்குமா?

நண்பர் வாங்கியது ஒரு பழைய வெர்னியர் காலிப்பர், நுணுக்கமாக அளவெடுக்கும் கருவி. தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இடையில் ஒளிக்கீற்று தெரியவில்லை. பூஜ்யத்தோடு பூஜ்யம் பொருந்தியது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. 800 ரூபாயில் ஆரம்பித்து 450க்கு முடிந்தது. பேரத்தில் இரண்டு பேரும் எந்தக் கதையும் சொல்லவில்லை, கருவி பேசிவிட்டது.

இந்தப் பக்கத்துச் சரக்குக்குத்தான் இப்போது ஆபத்து. பழைய டேபிள் ஃபேனை நாலு திருகு கழற்றினால் திறக்கலாம். இன்றைய செல்போனையும் காதில் மாட்டும் ஒயர்லெஸ் கருவியையும் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். ஒரு சாக்கு நிறைய அப்படிப்பட்ட காதுக் கருவிகளை வைத்திருந்த பையனிடம் இவற்றை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "எடைக்குப் போடத்தான் சார்" என்றான். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் திறக்கவே முடியாத பொருளுக்கு உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பசையின் மேல் கை வைக்காத எந்தச் சட்டமும் இந்தத் தார்ப்பாய்க் கடைகளைக் காப்பாற்றாது.

சென்னையின் பழைய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்ததை இன்றும் பெரியவர்கள் துக்கமாகச் சொல்வார்கள். அங்கே பழைய புத்தகம் தேடிய கதைதான் அதிகம் கேட்டிருக்கிறேன். அதே ஏக்கத்தைப் பல்லாவரத்தின் மேல் இறக்கி வைப்பதால்தான், இது இன்றும் வேலை செய்கிற சந்தை என்பது பலர் கண்ணில் படாமல் போகிறது.

இடையில் ஒரு வார்த்தை. பழைய செல்போன் வாங்குபவர்கள் அதன் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். திருட்டுப் போன் என்று புகார் பதிவாகியிருந்தால் முடக்கப்பட்டிருக்கலாம். உங்கள் காசும் அதோடு போகும்.

நண்பருக்கு என் வாதம் முழுதாகப் பிடிக்கவில்லை. ரயில் நிலையத்துக்குத் திரும்பி நடக்கும்போது சொன்னார்: "பழைய ஜாடிக்கும் ரேடியோவுக்கும் நாலு பேர் கூடுதலாகக் கொடுக்கிற காசில்தான் கடைக்காரர் வண்டி வாடகை கட்டி, நமக்கு இந்த வைஸையும் டிரில்லையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். அவர்களைத் திட்டாதீர்கள்." அதில் பாதி எனக்கு உடன்பாடுதான். கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். கேமராவோடு வைஸ் பக்கம் மட்டும் வந்து அதையும் "விண்டேஜ்" ஆக்கிவிடாதீர்கள். 450 ரூபாய்க்கு எங்களுக்கு இன்னும் சில சாமான் தேவைப்படுகிறது.