ஆயாவின் கையில் இருந்த பச்சை

சென்ற மாதம், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் அறுபத்து நான்கு வயதான என் அம்மா மறுமணம் செய்துகொண்டார். இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான் சடங்கு. அன்று மாலை தொடங்கி உறவினர்களிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. "இந்த வயசுல எதுக்கு?" என்பது ஒன்று. அதற்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டும், அவருக்கு விருப்பமிருந்தால். "நம்ம குடும்பத்துல யாரும் இப்படிச் செஞ்சதில்லையே" என்பது மற்றொன்று. அது உண்மையல்ல என்பதால், அம்மாவிடமும் எண்பத்து நான்கு வயதாகும் சின்ன ஆயாவிடமும் ஒப்புதல் கேட்டுக்கொண்டு இந்தப் பதிவை எழுதுகிறேன்.

என் ஆயாவின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், இடது முன்கையில், உட்புறமாக, ஒரு கோலம் பச்சை குத்தப்பட்டிருந்தது. சிறுமியாக இருந்தபோது அவர் மடியில் படுத்துக்கொண்டு அதன் கோடுகளின் மேல் விரலை ஓட்டுவது எனக்குப் பிடித்த விளையாட்டு. ஓரங்களில் மெல்லியதாக ஓடும் கோடுகள் நடுவில் மட்டும் கருத்துத் தடித்து, தோலுக்கு மேல் சற்றே புடைத்திருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால், குத்தியவளுக்குக் கை தவறிவிட்டது என்பார். 2016-இல் ஆயா இறந்தபோது, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவதற்காகக் கையை நீட்டிப் பிடித்தவள் நான். வயதில் சுருங்கியிருந்த தோல் இழுபட்டதும், கோலத்தின் அடியில் ஒரு கொம்பின் வளைவும் ஒரு காலும் தெரிந்தன. 'கோ' என்ற எழுத்து. என் தாத்தாவின் பெயரில் அந்த எழுத்தே கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சின்ன ஆயா, "அது அவரு பேரு. மொதல்ல கட்னவரு" என்றார். அருகில் நின்ற என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பிறகு பல நாட்களில் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. ஆயாவுக்குப் பதினாறு வயதில் முதல் திருமணம். மாப்பிள்ளை பெரம்பூரில் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர். பட்டாளத்தில் ஒற்றை அறை வீடு. இரண்டே ஆண்டுகளில், 1955-இல், காசநோயில் இறந்துபோனார். காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வுக்கான நிலையம் இதே சென்னையில், சேத்துப்பட்டில், அடுத்த ஆண்டுதான் தொடங்கப்பட்டது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவரோடு அதே மில்லில் வேலை பார்த்த நண்பர், கடைசி நாட்களில் சம்பளத்தை வாங்கி வந்து வீட்டில் கொடுத்தவர், பாடை தூக்கியவர்களில் ஒருவர், இரண்டு ஆண்டுகள் கழித்து ஆயாவைக் கட்டிக்கொண்டார். அவர்தான் என் தாத்தா. அன்று அந்தத் தெருவில் யாரும் அதை அதிசயமாகப் பார்க்கவில்லை என்கிறார் சின்ன ஆயா. "அறுத்துக் கட்றது அப்பல்லாம் சகஜம்" என்கிறார்.

அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உழைத்துப் பிழைத்த மக்கள் பலரிடம் கைம்பெண் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கமாகவே இருந்தது. அதை அனுமதிக்காத சாதிகள்தாம் 'அறுத்துக் கட்டுகிற கூட்டம்' என்று அதை வசையாக்கின. மில் சம்பளம் வந்து, ஓடு போய்த் தளம் வந்து, பிள்ளைகள் கல்லூரி வரை போனபோது, மேலே ஏறிவிட்டதற்கு அடையாளமாக நம் குடும்பங்கள் அந்த வசையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டன. நமக்கு இருந்த ஒரு நல்ல வழக்கத்தை, அது இல்லாதவர்களின் கண்ணால் பார்த்து நாமே வெட்கப்படக் கற்றுக்கொண்டோம்.

1983-இல் அம்மாவுக்கு வரன் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார், அதாவது என் நைனாவின் வீட்டார், அந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள் என்று தரகர் சொல்லியிருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு, பச்சை குத்துகிற அம்மாளை வீட்டுக்கு வரவழைத்து, அந்தப் பெயரின் மேல் கோலம் குத்திக்கொண்டார் ஆயா. வேண்டாம் என்று தடுத்தவர் தாத்தா மட்டுமே. இருபத்தாறு ஆண்டுகள் இன்னொருவர் பெயர் எழுதிய கையால் பரிமாறப்பட்ட சோற்றைச் சாப்பிட்ட மனிதர், அது அழியப்போகிறது என்றதும் வாசலில் உட்கார்ந்து அழுதாராம்.

தாத்தாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்தைய படையலில் எங்கள் வீட்டில் எப்போதும் ஓர் இலை கூடுதலாக இருக்கும். பீடியைத் தொட்டே அறியாத தாத்தா, அந்த இலைக்கென்று ஒரு கட்டு பீடி வாங்கி வந்து, பிரித்து, ஒன்றை எடுத்து இலையின் ஓரத்தில் வைப்பார். யாருக்கு என்று கேட்டிருக்கிறேன். "சாமிக்கு" என்பார். அவர் 1994-இல் காலமானார். மில் மூடப்பட்டதை அவர் பார்க்கவில்லை. அந்தச் சாமி யார் என்பது எனக்குப் புரிய மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

என் நைனா 2012-இல் இறந்தார். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அதன்பிறகு அவர் நிறம் பார்த்துப் புடவை எடுத்ததில்லை. கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு சுற்றி வரும்போது தானாக எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவார். போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்தது என்பதால் அதை நாங்கள் கவனிக்கவும் இல்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் இதுதான் எனக்கு ஆறாத வருத்தமாக இருக்கிறது: தன் தாய் இரண்டாம் முறை மணந்து முப்பத்தேழு ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த மகள் என் அம்மா. அந்த வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், மறுபடி வாழலாம் என்பதாக இல்லை. மறுபடி வாழ்ந்தால் மறைக்க வேண்டும் என்பதாக இருந்தது. துக்கத்தில் இருந்த அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டிய கதையே ஒரு கோலத்துக்கு அடியில் கிடந்தது.

அம்மாவும் இப்போது அவரைக் கட்டிக்கொண்டவரும் பழகியது ஸ்டான்லி மருத்துவமனையில், மாதாமாதம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் வரிசையில். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. முதல் பேருந்தில் வந்து வரிசையில் தன் பையை வைத்து, அதற்கு அடுத்து அம்மாவுக்காக ஒரு துணியை வைத்திருப்பாராம். அம்மாவின் சர்க்கரை அளவு கூடினால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் எங்கள் பக்கம் வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் இல்லாதிருந்தபோது, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து வாசலில் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போன பெரியவர் யார் என்று அன்று நான் கேட்டேன். மருந்துக்கடை ஆள் என்றார் அம்மா. அவருடைய கைப்பேசியிலும் அந்த எண் 'மருந்துக் கடை' என்றுதான் இருந்தது.

உண்மை தெரிந்தபோது நான் நடந்துகொண்டதை மறைக்க விரும்பவில்லை. மூன்று வாரங்கள் அம்மாவோடு பேசவில்லை. நைனாவை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தேன். 1983-இல் ஆயாவைக் கையை நீட்ட வைத்த அதே அச்சம் 2024-இல் என் வாயில் வந்தது. ஒரு நாள் சின்ன ஆயா வீட்டுக்குப் போயிருந்தபோது இதைச் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "ஒங்க தாத்தா பீடி வெச்சாரே, அவரு மறந்தாரா, அவ மறந்தாளா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே அம்மாவைக் கூப்பிட்டேன்.

அடுத்து வந்தது சொத்துப் பேச்சு. "வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்ட பிறகு அண்ணன் வீட்ல அவங்களுக்கு ஏது பங்கு?" என்று நைனாவின் தம்பி கேட்டார். பலரும் இப்படி நம்புவதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நம் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அதே 1856 ஜூலையில்தான் இந்து விதவைகள் மறுமணச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் அதன் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்யும் பெண் இறந்த கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை, அன்றே அவள் இறந்துபோனதைப் போல, இழக்க வேண்டும் என்றது. கட்டிக்கொள்ளலாம், ஆனால் செத்தவளாகக் கணக்கு. சித்தப்பா பேசியது அந்தச் சட்டத்தைத்தான். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் கணவன் வழியாகப் பெண்ணுக்கு வந்த பங்கு அவளுடைய முழு உரிமை. பிறகு அவள் மறுமணம் செய்தாலும் அது பறிபோகாது என்பதை 2008-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பழைய சட்டம் 1983-இல் நீக்கப்பட்டேவிட்டது. ஆயா கோலம் குத்திக்கொண்ட அதே ஆண்டு.

ஓய்வூதியம் வேறு கதை. நைனாவின் வைப்புநிதிக் கணக்கின் வழியே அம்மாவுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் வந்துகொண்டிருந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, துணையை இழந்தவருக்கான ஓய்வூதியம் அவர் இறக்கும் வரை, அல்லது மறுமணம் செய்யும் வரைதான். ஆணுக்கும் இதே விதிதான் என்றாலும், கணவன் உழைப்பின் பெயரால் வரும் பணத்தை நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் அடி அவர்கள் மேலேயே விழுகிறது. இந்தத் தொகைக்காகவே ஊர் அறியாமல் சேர்ந்து வாழும் முதியவர்களை எங்கள் பகுதியிலேயே எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ்நாடு அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமணத்துக்குத் தாலித் தங்கமும் பணமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் மணமகன் நாற்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அறுபதில் ஒரு பெண் துணை தேடுவாள் என்பது அதை வகுத்தவர்களின் நினைப்பிலேயே வரவில்லை போலும்.

அம்மா அந்த ஆயிரத்தைக் கைவிட்டார். "பொய் சொல்லி வாங்கற காசு வேணாம்" என்றார். திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது இருவருடைய முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ்களையும் கேட்டார்கள். மேசையில் புது விண்ணப்பத்துக்குப் பக்கத்தில், நைனாவின் பெயர் இருந்த தாளும் அந்த அம்மாளின் பெயர் இருந்த தாளும் கிடந்தன. மின்விசிறிக் காற்றில் நைனாவின் தாள் பறக்கப் பார்த்தது. சட்டென்று கையை வைத்து அழுத்திக்கொண்டவர் அம்மாவைக் கட்டிக்கொண்ட அவர்தான். கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

என் தம்பி அன்று வரவில்லை. இதுவரை பேசவும் இல்லை. இந்தப் பதிவை அவன் படிப்பான் என்று தெரியும்.

தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நைனாவின் நினைவு நாள். அம்மா எப்போதும்போல நம் வீட்டில்தான் சமைக்கிறார். நைனாவுக்குப் பிடித்த வஞ்சிரத்தை விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய்த் தானே வாங்கி வருவதாக அம்மாவைக் கட்டிக்கொண்டவர் சொல்லியிருக்கிறார். இந்த முறை மூன்று இலை போடுகிறோம்: நைனாவுக்கு ஒன்று, இவருடைய காலமான மனைவிக்கு ஒன்று, ஆயாவின் கையில் இருந்தவருக்கு ஒன்று. பீடி வாங்க வேண்டும்; என்ன பீடி என்று சின்ன ஆயாவுக்கே நினைவில்லை. சின்ன வயதில் தாத்தாவோடு கடைக்குப் போய் வந்தவன் நீதான். உனக்கு நினைவிருந்தால் வாங்கி வா.