ராகத்தை ஒளித்தால் கோபம், ரசப்பொடியை ஒளித்தால் மட்டும் பெருமையா?

சமைத்ததைப் பகிர்ந்துகொள்வார்களாம், சமைத்த முறையை மட்டும் பகிர்ந்துகொள்ள மாட்டார்களாம். இந்த அநியாயத்தை எத்தனை காலம்தான் சிரித்த முகத்தோடு பொறுத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அவற்றைச் சுற்றிலும் குடியிருக்கும் சில குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டு, பேசி, சண்டையிட்டு, பிறகு அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பதார்த்தங்களை ஒன்றாக வைத்துச் சாப்பிட்டுக் கலைவது எங்கள் வழக்கம். கேட்கவே இனிமையாக இருக்கிறதல்லவா? சாப்பாடும் இனிமைதான். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின், "இந்த ரசப்பொடிக்கு என்னென்ன போட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை தர்பார் ராகத்துக்கும் நாயகி ராகத்துக்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டை மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்த அதே வாய், சட்டென்று பூட்டிக்கொள்ளும்.

"கண்ணளவுதாண்டி, கைக்கு வந்ததைப் போடுவேன்" என்பது முதல் பூட்டு. கண்ணளவு என்றாலும் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று சொல்லலாமே? பிடியளவா, கரண்டியளவா, ஆழாக்கா என்றாவது சொல்லலாமே? "பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாரும் போடுவதுதான்" என்பது இரண்டாவது பூட்டு. எல்லாரும் போடுவதுதான் என்றால் எல்லார் வீட்டு ரசமும் ஏன் அப்படி மணக்கவில்லை என்று திருப்பிக் கேட்டால், ஒரு புன்னகை வரும். வெற்றிப் புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்க்கும்போது எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தப் பூட்டுகளையாவது மன்னித்துவிடலாம். சொல்ல மாட்டேன் என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடுகிறது, நாமும் வேறு வேலையைப் பார்க்கலாம். குறிப்பைச் சொல்வதுபோல் சொல்லி, நடுவில் ஒரு படியை விழுங்கிவிடுகிறவர்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய அக்காரவடிசலுக்காகவே மார்கழிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. நான் கெஞ்சிக் கேட்டதற்கு, "அரிசியைப் பாலில் வேகவிட்டு, வெல்லத்தைப் போட்டு, நெய்யை விட்டுக் கிளறினால் ஆயிற்று" என்று மிகத் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார். கூடாரவல்லியன்று அவர் சொன்னபடியே, ஒரு சொல் பிசகாமல் செய்தேன். கொதித்துக்கொண்டிருந்த பாலில் பொடித்த வெல்லம் விழுந்த சில நிமிடங்களில் பால் திட்டுத்திட்டாகத் திரிந்தது. முக்கால் பதத்தில் இருந்த அரிசியோ அதற்கு மேல் வேக மறுத்து, விறைத்து, பல்லில் நறநறத்தது. அரிசி நன்றாகக் குழைந்து மசிந்த பிறகுதான் வெல்லத்தைச் சேர்க்க வேண்டும், வெல்லம் சேர்ந்துவிட்டால் அதன்பின் அரிசி வேகாது என்பதையும், வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டிப் பாகாக வைத்துக்கொண்டு, பானையை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றுச் சூடு தணிந்த பிறகே அதில் விட வேண்டும் என்பதையும் பின்னர் என் பெரியம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். இந்த இரண்டும்தான் அக்காரவடிசலே; மற்றவை குழந்தைக்கும் தெரியும். இவ்விரண்டையும் விழுங்கிவிட்ட அந்த அக்கா, நான் கொண்டுபோனதில் ஒரு கரண்டியை வாயில் போட்டுக்கொண்டு, "கை வரணும்மா, ஒரே நாள்ல வந்துடுமா?" என்று கூட்டத்தின் நடுவே ஆறுதல் சொன்னார். முழங்கை வழியாக நெய் வழியும்படி பாற்சோற்றைக் கூடியிருந்து உண்பதைத் திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் ஆண்டாள் பாடியிருக்கிறாள். அவளாவது நெய் எவ்வளவு என்று ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போனாள். இந்த அக்கா அதைக்கூடச் சொல்லவில்லை.

இவர்கள் பொதுவாகவே கஞ்சர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இசை விஷயத்தில் இவர்களைப்போன்ற வள்ளல்களை நான் கண்டதில்லை. எங்கள் கூட்டத்து மாமா ஒருவர் ஸ்பூல் நாடாவிலும் கேசட்டிலும் இருந்த கல்யாணக் கச்சேரிகளையும் கோயில் கச்சேரிகளையும் தம் கைக்காசைச் செலவழித்து மின்வடிவத்துக்கு மாற்றி, கேட்கிறவர்களுக்கெல்லாம் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறவர். அரிய பதிவுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, யாருக்கும் கொடுக்காமல், கடைசியில் பூஞ்சை பிடித்துப் பாழாகவிட்ட சேகரிப்பாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கு முகம் சிவந்துவிடும்; "அது என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அவர் கத்துவது தெருமுனைவரை கேட்கும். நல்ல கேள்விதான். அந்த மாமாதான் எங்கள் கூட்டத்துக்குப் புளியோதரை கொண்டுவருகிறவர். புளிக்காய்ச்சலை அவரே காய்ச்சுவார். நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் பதமும், வாயில் போட்டதும் முதலில் புளிப்பும் பின்னால் வெந்தயத்தின் மெல்லிய கசப்பும் தெரிவதும் வேறு யாருக்கும் கைவரவில்லை. வறுத்து அரைக்கும் பொடியில் எள் உண்டா, தனியாவுக்கும் வெந்தயத்துக்கும் என்ன விகிதம் என்று ஒருமுறை கேட்டேன். "அது எங்கம்மா சொத்து" என்றார். நாடாவை ஒளித்தவனுக்கு ஒரு நியாயம், புளிக்காய்ச்சலை ஒளிக்கிறவருக்கு ஒரு நியாயமா? (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சாம்பாரைச் சூடாக்குகிறேன் என்று பாதிக் கூட்டம் எழுந்துபோவதைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது வேறொரு நாளைக்கு.)

இவர்கள் எல்லாரும் கடைசியாக ஒளிந்துகொள்ளும் இடம் கைப்பக்குவம். கைப்பக்குவத்தை எழுத்தில் கொண்டுவர முடியாதாம், பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க வேண்டுமாம். சரி, பக்கத்தில் இருந்து பார்க்க வரட்டுமா என்று கேட்டால் அந்த வாரம் முழுவதும் வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கும். இசை ரசிகர்கள் இந்த வாதத்தைச் சொல்வதுதான் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருக்கிறது. கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் விதத்தை, எழுத்தில் கொண்டுவர முடியாது என்றுதான் சங்கீத உலகிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்ப வழியில் தமக்கு வந்து சேர்ந்த அத்தனை செல்வத்தையும், இசையறிஞர் சின்னசாமி முதலியார் போன்றவர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவோடு, 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூலாக அச்சில் ஏற்றிவிட்டார் சுப்பராம தீட்சிதர். ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளக்குறி வகுத்து, சுரத்தின்மேல் அந்தக் குறியை இட்டு, ராகம் ராகமாக எழுதிவைத்தார். குடும்பச் சொத்து என்று அவரும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். பூட்டியிருந்தால் இன்று நம் கூட்டத்தில் மூத்தவர்கள் இது அந்த நூலின் பாடத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருக்க முடியாது. எழுதியதைப் படித்தாலே பாட்டு வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. எழுதிவைத்தால் தேடுகிறவனுக்கு ஒரு பிடி கிடைக்கும். அவ்வளவுதான் நானும் கேட்பது. அசையும் சுரத்தையே தாளில் பிடிக்க முடியும்போது, அரைக்கிண்ணம் துவரம்பருப்பைப் பிடிக்க முடியாதா?

சமையலிலும் இது நடந்த கதைதான். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டு, எத்தனையோ வீடுகளில் புதிதாக அடுப்படிக்குள் நுழைந்த பெண்களுக்கு மாமியாரின் முகத்தைப் பார்த்து நிற்காமல் சமைக்க வழி செய்தார். அவர் அதை வெளியிட்டதால் அவருடைய கைம்மணம் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் பொடியும் ஊறுகாயும் போட்டு விற்றுக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் இருக்கிறார். அவர் தம் அளவுகளைச் சொல்லாமல் இருப்பது அவர் பிழைப்பு. அதைக் கேட்பதே தவறு, நான் கேட்டதும் இல்லை. குறிப்பை வாங்கிக்கொண்டு போய், புளிக்குப் பதிலாகத் தக்காளியும் நல்லெண்ணெய்க்குப் பதிலாகச் சூரியகாந்தி எண்ணெயும் விட்டுவிட்டு, "உங்கள் குறிப்பு சரியாக வரவில்லையே" என்று மறுநாளே தொலைபேசியில் குறைசொல்லும் பேர்வழிகளும் உண்டு. அவர்களிடம் அடிபட்டு வாயை மூடிக்கொண்டவர்களிடம் எனக்கு அனுதாபமே உண்டு. ஆனால் ரசப்பொடி மாமிக்கு இந்த இரண்டு காரணமும் கிடையாது. பாராட்டு தம் ஒருவருக்கே வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பொடி கடையில் வாங்கியதாக இருக்குமோ என்று ஒரு சந்தேகமும் எனக்கு அவ்வப்போது வருவதுண்டு. வாயைத் திறந்து சொன்னால் அந்தச் சந்தேகமும் தீரும்.

பகிர்வது என்றால் எப்படி என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் கூட்டத்துத் திருநெல்வேலிக்காரத் தோழியைப் பார்க்க வேண்டும். சொதியைக் கொண்டுவந்து வைத்த அன்றே, யாரும் கேட்பதற்கு முன்பே, செய்முறையைக் குரல் பதிவாக அனுப்பிவிட்டார். தேங்காயிலிருந்து மூன்று முறை பால் எடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொள்வதில் தொடங்கி, காய்கள் மூன்றாம் பாலில் வேக வேண்டும், பிறகு வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர வேண்டும், கெட்டியான முதற்பாலை விட்டபின் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், எலுமிச்சைச் சாற்றை இறக்கியபின்தான் பிழிய வேண்டும் என்று, எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதைத்தான் அவர் அதிகமாகச் சொன்னார். "இஞ்சிப் பச்சடி இல்லாம சொதி வைக்காதீங்கக்கா, வயித்தைப் பிடிச்சுக்கிடும்" என்ற எச்சரிக்கையோடு அந்தப் பதிவு முடிந்தது. இன்று எங்கள் கூட்டத்தில் நான்கைந்து வீடுகளில் சொதி வைக்கிறார்கள். அதனால் அவர் பெயர் மறைந்துவிட்டதா? யார் வீட்டில் வைத்தாலும் அது அவருடைய சொதி என்றுதான் சொல்கிறோம்.

இதையெல்லாம் இவ்வளவு காட்டமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தின் மூத்த உறுப்பினரான ஒரு மாமி சென்ற ஆண்டு காலமானார். அவர் வைக்கும் மிளகுகுழம்பு காரமாகவும் இருக்கும், தொண்டைக்கு இதமாகவும் இருக்கும். மழைநாளில் பாடகர்களுக்கே கொடுத்தனுப்புவார். கேட்டபோதெல்லாம் சிரித்துச் சிரித்தே மழுப்பினார்; நாங்களும் அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அண்மையில் வெளிநாட்டிலிருந்து அவருடைய மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா உங்களுக்காவது சொல்லியிருக்காளா மாமி? எனக்குச் சொல்லவே இல்லை" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? அதே கூடத்தில் அந்த மாமி பாடிய பாட்டுகள் மூன்று பேருடைய கைப்பேசிகளில் இருக்கின்றன. மகளுக்கு அவற்றை அன்றே அனுப்பிவிட்டேன். குழம்பு எங்கும் இல்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதை நேராகவே பேசப் போகிறேன். இனிமேல் பாத்திரத்தோடு ஒரு தாளும் வர வேண்டும். தாளில் அளவும் இருக்க வேண்டும், எங்கே கெடும் என்பதும் இருக்க வேண்டும். எழுத வராதவர்கள் சொல்லட்டும், நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். மறுக்கிறவர்கள் தாராளமாக வரட்டும், சாப்பிடட்டும். ஆனால் நாடா ஒளித்தவனைத் திட்டும்போது மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ரசப்பொடி மாமிக்கு என் கேள்விகளை இப்போதே எழுதிவைத்துவிடுகிறேன், யோசித்துக்கொண்டு வர அவருக்கு நேரம் இருக்கட்டும். மாமி, துவரம்பருப்பைச் சிவக்க வறுக்கிறீர்களா, வெறும் சூடுதானா? மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் போடுகிறீர்களா, பச்சையாகவே சேர்க்கிறீர்களா? மிளகாய் குண்டா, நீட்டா? விரலி மஞ்சளை உடைத்துப் போட்டு மெஷினில் கொடுத்து அரைக்கிறீர்களா, வீட்டு மிக்ஸியில் கொரகொரப்பாகவா? கறிவேப்பிலையை வெயிலில் காயவைக்கிறீர்களா, சட்டியில் வறுக்கிறீர்களா? கண்ணளவு என்று மட்டும் சொல்லாதீர்கள். கரண்டியை நான் கொண்டுவருகிறேன்.