கூறு போட்டது யார்?

முந்தாநாள் அந்தத் துக்க வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தகப்பனாரின் கருவிழிகளையும் தோலையும் தானமாகத் தந்த மகளிடம், அத்தனை பேர் நடுவே, "பெற்றவரைக் கூறு போடக் கொடுத்துவிட்டாயே" என்றார் ஓர் உறவினர். வயதில் மூத்தவர் என்று நான் வாய்மூடி நின்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

யாரும் கூறு போடவில்லை. தொடையிலும் முதுகிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய ஏடாகத்தான் தோலை எடுக்கிறார்கள். உடை உடுத்திய பின் அது எவர் கண்ணிலும் படாது. பெருந்தீக்காயம் பட்டவர்மீது அதைப் போர்த்தும்போது உடலின் நீர் வெளியேறுவது குறைகிறது, வலி தணிகிறது, தொற்றும் மட்டுப்படுகிறது. சில வாரங்களில் உடல் அதை உதறிவிடும் என்றாலும், அவருடைய சொந்தத் தோலை எடுத்து ஒட்டும் அளவுக்கு அவர் தேறுவதற்கு அந்தச் சில வாரங்கள்தாம் தேவைப்படுகின்றன.

'இந்தக் காலத்துப் பழக்கம்' என்பவர்களுக்கு ஒன்று: எடுவர்ட் சிர்ம் என்ற மருத்துவர் 1905-ஆம் ஆண்டிலேயே கருவிழி மாற்றிப் பார்வை தந்துவிட்டார்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பதே கொடுமை என்பீர்கள். அந்த வலி எனக்குத் தெரியும். என் அம்மா இறந்த இரவில் ஒரு செவிலியர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கண்புரை அறுவை செய்த கண் யாருக்கு உதவும் என்று எரிந்து விழுந்தேன். புரை விழுவது உள்ளே இருக்கும் வில்லையில் என்றும், முன்னால் இருக்கும் கருவிழி பெரும்பாலும் பயன்படும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால்தான் அந்த வேளையில் கேட்கிறார்கள். மறுக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. மறுத்தவர்களை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. கையெழுத்திட்டதால் என் துக்கம் குறைந்துவிடவும் இல்லை. ஆனால் இருவருக்குப் பார்வை கிடைத்தது என்று பின்னர் வந்த கடிதத்தை, மடிப்பு கிழியும் அளவுக்குப் பிரித்துப் படித்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கும் அப்படியொரு கடிதம் வரலாம். அதற்குள் அவளை இப்படி நோகடித்திருக்கிறீர்கள். தகப்பனார் படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு முறையேனும் எட்டிப் பார்த்தீர்களா? இன்று காலை அழைத்தபோது அவள் கேட்டது இதுதான்: "அப்பாவுக்கு வலித்திருக்குமா?"

வலித்திருக்காது என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.