விரல் முதலில், மனம் பிறகு

"மனசு ஒன்ற மாட்டேங்குது, அதனால பிரார்த்தனையையே விட்டுட்டேன்." இதை யார் சொன்னாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரணம், மனம் ஒன்றுவதை முன்நிபந்தனையாக வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். காலங்காலமாக அன்றாடம் வேண்டிவந்தவர்கள் கைக்கு ஒரு வேலை, நாவுக்கு ஒரு சொல், கணக்குக்கு ஓர் எண் என்றுதான் ஆரம்பித்தார்கள். மனம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஜபமாலையே வேண்டாம், வலது கை போதும். நாமத்தை ஒருமுறை சொன்னால் ஒரு கணு. மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வையுங்கள்: ஒன்று. அதே விரலின் அடிக்கணு இரண்டு. சுண்டுவிரலுக்குப் போய் அடி, நடு, நுனி: மூன்று, நான்கு, ஐந்து. அப்படியே மேலாக மோதிர விரல் நுனி ஆறு, நடுவிரல் நுனி ஏழு, ஆள்காட்டி நுனி எட்டு. அங்கிருந்து இறங்கி நடு, அடி: ஒன்பது, பத்து. நடுவிரலின் கீழிரண்டு கணுக்களைத் தொடுவதில்லை, அது மேரு, தாண்டக் கூடாத எல்லை. ஒவ்வொரு பத்துக்கும் இடக்கையில் ஒரு கணு தள்ளினால், பத்து முறையில் நூறு. மேலும் எட்டு சொன்னால் 108. பேருந்தில் நின்றுகொண்டும் செய்யலாம், மருத்துவமனை வராந்தாவிலும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

மாலை வைத்திருப்பவர்கள் நடுவிரல்மேல் மணியைக் கிடத்திக் கட்டைவிரலால் தள்ளுவார்கள், ஆள்காட்டி விரல் படாது. மாலை சேரும் இடத்தில் தனித்து நிற்கும் மேருமணி வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும். அந்தத் திருப்பத்தில் பெரிய உபகாரம் இருக்கிறது: நினைவு எங்கோ போயிருந்தாலும் விரல் அங்கே முட்டி நிற்கும். கத்தோலிக்க ஜெபமாலையில் பெரிய மணிகள் அந்த வேலையைச் செய்கின்றன. பத்துப் பத்து மணியாக ஐந்து தொகுதியும் தொங்கல் பகுதியும் சேர்த்து 59 மணி. அதில் 53 'அருள் நிறைந்த மரியே'. தொழுகைக்குப் பின் ஓதும் தஸ்பீஹ் என்ற இறைத்துதியில் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34, ஆக நூறு. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் துறவிகளோ கம்பளி நூலில் போட்ட முடிச்சுகளை வைத்திருக்கிறார்கள். சத்தமே வராது. "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே" என்று மூச்சை உள்ளே இழுத்து, "என்மேல் இரக்கமாயிரும்" என்று வெளியே விடுவது அவர்களில் பலரின் பழக்கம்.

இதையெல்லாம் "இயந்திரத்தனம்" என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கெடுப்பது எண்ணிக்கை இல்லை, வேகம். 108-ஐ ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தால் கடைசி எழுத்துகள் விழுங்கப்படும், சொல் உருக்குலையும், சொல்பவருக்கே எரிச்சல் வரும். ஜெபமாலையை இரு பிரிவாகச் சொல்லும்போது முதல் பாதி முடியுமுன் அடுத்தவர்கள் தொடங்கிவிடுவது இதே கோளாறுதான். தொழுகையில் ருகூ என்ற குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்ததும், முதுகு நேராகி ஒரு கணம் நிலைகொள்ளாமல் நெற்றி தரையில் படும் ஸஜ்தாவுக்கு விழக் கூடாது என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கண்டிப்பாகச் சொல்வதும் இதற்காகத்தான். நாளொன்றுக்கு ஃபர்ளு எனும் கட்டாயத் தொழுகை மட்டும் 17 ரக்அத் (தொழுகைச் சுற்று), 34 ஸஜ்தா. நெற்றி அத்தனை முறை தரையைத் தொடுகிறது. அவசரப்பட்டால் அது வெறும் உடற்பயிற்சி ஆகிவிடும்.

வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, உள்ளுக்குள்ளேயே சொல்வது மானசம். மானசம்தான் உயர்ந்தது என்பது மரபு. ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் எடுத்த எடுப்பில் மானசத்துக்குப் போக வேண்டாம் என்பேன். பத்தாவது எண்ணுக்குள் நாளைய வேலை நினைவுக்கு வந்துவிடும். முதலில் காதில் விழும்படி சொல்லுங்கள். தூக்கம் வந்தாலும் அதுதான் மருந்து, குரலை ஒரு படி உயர்த்துங்கள்.

எண்ணிக்கையே ஒத்துவராதவர்களும் உண்டு. அவர்கள் ஏற்கெனவே செய்கிற வேலையோடு ஒரு வரியைக் கட்டிவிடலாம். யூதர்களுக்குக் கண்விழித்ததும் படுக்கையிலேயே சொல்ல ஒரு வரி இருக்கிறது, கழிப்பறை போய்விட்டு வந்து கை கழுவியதும் சொல்லவும் ஒரு வேண்டுதல் இருக்கிறது: உடம்பின் துளைகளும் குழாய்களும் சரியாக வேலை செய்வதற்கு நன்றி. இதைவிட அன்றாடமான பிரார்த்தனை எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறில் அவதிப்படுபவரைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டவர்களுக்கு அதன் அருமை புரியும். சாப்பிடுமுன் பிஸ்மில்லாஹ்வும், வெளியே கிளம்புகையில் "முருகா" என்பதும் இதே வகைதான். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் ஒரு சாராரோ சொல்லையே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சேர்ந்து மௌனமாக அமர்கிறார்கள். உள்ளிருந்து உந்தினால்தான் ஒருவர் எழுந்து பேசுவார்.

பிறருக்காக வேண்டுவதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். "உங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்று பின்னூட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறோம். எழுதிய விரலை எடுக்குமுன் கண்ணை மூடி, அவர் பெயர், அவருக்கு இருக்கும் கஷ்டம், அதற்காக ஒரு வரி. பத்து விநாடி ஆகாது. இரவில் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினால் பெயர் மறந்துபோகும்.

ஆரம்பிப்பவர்களுக்கு 108 வேண்டாம். ஒரே சுற்று, பத்து முறை, தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில், நாற்பது நாள். ஒருநாள் ஜபம் விட்டுப்போனால் மறுநாள் இருபதாக்காதீர்கள், கடன் ஏறி நாலாம் நாள் நின்றுவிடும். மறுநாளும் பத்துதான்.