விலகல் லெட்டர்ல கையெழுத்து போடாதீங்க

நம்ம மலேசியாவுல, பகாவ் டவுன் சுத்துவட்டாரத்துல எஸ்டேட்லயும் மில்லுலயும் வேலை செஞ்சு கை போனவங்க, இனிப்பு நீர்ல (சர்க்கரை வியாதி) காலை எடுத்தவங்க எல்லா தாமான்லயும் (குடியிருப்பு) இருக்காங்க, ஆனா ஊனத்த காட்டி வேலைய விட்டு தூக்கிட்டாங்கன்னு ஒருத்தர் கேஸ் போட்டதா நான் கேள்விப்பட்டதே இல்ல. கேஸ் ஆகுறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல வச்சு முடிச்சிடுறாங்க.

எங்க பெரியப்பா ஒரு செம்பனை (பாமாயில்) மில்லுல பாய்லர் வேலை. ஒரு காலை எடுத்த பிறகு, லாரி எடை போடுற இடத்துல உக்காந்து செய்ற வேலை குடுங்கன்னு கேட்டாரு. மேனேஜர் நல்லா பேசி, டீ குடுத்து, சொந்த விருப்பத்துல விலகுறேன்னு மலாய்ல டைப் பண்ண லெட்டர நீட்டிட்டாரு. பெரியப்பாவுக்கு மலாய் நல்லா படிக்கத் தெரியும், என்ன எழுதியிருக்குன்னு புரிஞ்சுதான் போட்டாரு, ஏன்னா குடியிருக்கிறது கம்பெனி வீடு, முறைச்சுக்கிட்டா நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு பயம், வீட்ல ரெண்டு பிள்ளைங்க படிக்குது, அவர் வேற என்ன செய்வாரு?

அந்த ஒரு கையெழுத்துதான் எல்லாத்தையும் அடைச்சிடுது. நியாயமான காரணம் இல்லாம வேலைய விட்டு நிறுத்தினா, 1967 தொழிலுறவுச் சட்டம் 20வது பிரிவுல 60 நாளுக்குள்ள தொழிலுறவு இலாகாவுல மனு குடுக்கலாம், வக்கீல் இல்லாமலே குடுக்கலாம், பேசித் தீரலன்னா தொழில் நீதிமன்றம் வரைக்கும் போகும். ஆனா லெட்டர்ல கையெழுத்து இருந்தா, அவரே விலகிட்டாருன்னு கம்பெனி சொல்லும், மிரட்டித்தான் வாங்கினாங்கன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில.

சட்டமும் நமக்கு பெருசா துணை இல்ல. 2008 ஓகேயு (ஊனமுற்றோர்) சட்டம் 29வது பிரிவு வேலையில சம உரிமைன்னு சொல்லுது, மீறுற முதலாளிக்கு தண்டனை ஒரு வரி கூட இல்ல. எதை வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சொல்ற அரசியலமைப்பு 8வது பிரிவுல மதம், இனம், வம்சம், பிறந்த இடம் இருக்கு, 2001ல பாலினம் சேர்த்தாங்க, ஊனம் இன்னைக்கு வரைக்கும் இல்ல. 2023லருந்து 1955 வேலைவாய்ப்புச் சட்டம் 69எஃப் பிரிவுல லேபர் ஆபீஸ்ல பாகுபாடு புகார் குடுக்கலாம், அங்க போடுற உத்தரவ முதலாளி மதிக்கலன்னா 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம். நல்லதுதான், ஆனா பாகுபாடுன்னா என்னன்னே அதுல விளக்கல. அமெரிக்காவுல 1990லயே, முதலாளிக்கு ரொம்ப கஷ்டமில்லாத பட்சத்துல வேலைய மாத்தி அமைச்சு குடுக்கணும், மறுத்தா தொழிலாளி கோர்ட்டுக்கே போகலாம்னு சட்டம் போட்டுட்டாங்க. பெரியப்பா கேட்டதும் ஒரு நாற்காலி வேலைதானே!

தயவுசெஞ்சு யாரும் ஆபீஸ்லயே கையெழுத்து போடாதீங்க. வீட்டுக்கு கொண்டு போய் படிச்சுட்டு வரேன்னு சொல்லுங்க, தேதிய எழுதி வைங்க, எம்சி (டாக்டர் குடுக்குற மருத்துவ விடுப்பு சீட்டு) எல்லாத்தையும் பத்திரமா வைங்க. யூனியன்காரங்களும் சம்பளத்துக்கு பேசுற மாதிரி இதுக்கும் பேசணும்.

பெரியப்பாவுக்கு அந்த 60 நாள் எப்பவோ போயிடுச்சு. இந்த டவுன்ல இப்ப யார் கையிலயாவது அப்படி ஒரு லெட்டர் இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்க அண்ணே, அக்கா. இலாகாவுக்கு நானும் கூட வரேன்.