வானியற்பியலில் ஆய்வுவழி முதுகலை: பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் சொன்ன பதில்

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, சென்ற ஞாயிற்றுக்கிழமை தம் மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். இயற்பியலில் இளங்கலை முடித்த பையனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை தயாராக இருக்கிறது. அவனோ வானியற்பியலில் ஆய்வுவழி முதுகலை படிக்க வேண்டும் என்கிறான். அக்காவின் கவலை நியாயமானது. ஆயினும், படிக்கட்டும் என்றே சொன்னேன்.

பாடவழி முதுகலையில் வகுப்பும் தேர்வும் நம்மை வழிநடத்தும். ஆய்வுவழியில் இருப்பவை ஒரு வினா, ஒரு மேற்பார்வையாளர், முடிவில் ஓர் ஆய்வேடு, அதற்கொரு வாய்மொழித் தேர்வு. வினாவுக்கான விடை மேற்பார்வையாளருக்கும் தெரியாது என்பதை உணர எனக்கு ஓராண்டு பிடித்தது.

அந்த முதலாண்டில், 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு ஒரு விண்மீனின் ஒளிமாற்றத்தை வரைந்தேன். ஏறத்தாழ 14 நாள்களுக்கு ஒருமுறை ஒளி சற்றே தாழ்ந்தது. துணை விண்மீன் ஒன்று குறுக்கே வந்து மறைக்கிறது என்று முடிவுகட்டி, மூன்று வாரம் உழைத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தத் தொலைநோக்கி பூமியை ஒருமுறை சுற்றிவர எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். 13.7 நாள். பூமியிலிருந்தும் நிலவிலிருந்தும் சிதறும் ஒளி ஒவ்வொரு சுற்றிலும் கருவிக்குள் புகுகிறது; அந்தப் பின்னணி ஒளியை நான் அளவுக்கு மீறிக் கழித்திருந்தேன். அக்கம்பக்கத்து விண்மீன்களையும் வரைந்து பார்த்தபோது, அவற்றிலும் அதே தாழ்வு. அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் என் முடிவை முதலில் நானே சந்தேகிக்க வேண்டும் என்பதை எந்த விரிவுரையும் எனக்கு அவ்வளவு ஆழமாகக் கற்றுத்தந்ததில்லை.

"பினாங்கில் பாதி நாள் மேகம், மீதி நாள் விளக்கு வெளிச்சம், இங்கே என்ன வானியல்?" என்று கேட்பவர்கள் உண்டு. கயா விண்கலம் அளந்த ஏறத்தாழ 180 கோடி விண்மூலங்களின் (பெரும்பாலும் விண்மீன்கள்) தரவு 2022இல் வெளியிடப்பட்டு, யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கிறது. அதைக் கையாளப் பைத்தான் நிரலாக்கமும் புள்ளியியலும் வேண்டும். தொழிற்சாலைக்கே திரும்ப நேர்ந்தாலும் அவை வீணாகா.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரைப் பார்த்துச் சேருங்கள். அவர் அண்மையில் எழுதிய கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் பயிலும் மாணவர்களிடம் பேசுங்கள். ஆய்வு நிதி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். என் தோழி ஒருத்தி இவற்றைக் கேட்காமல் சேர்ந்து, துறைக்கே தொடர்பில்லாத ஒருவரின்கீழ் இரண்டாண்டுகளை இழந்தாள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அக்கா முழுமனத்தோடு இன்னும் சம்மதிக்கவில்லை. பையன் நேற்றிரவு கயா தரவிலிருந்து கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பிரித்தெடுத்து, நிறத்துக்கும் ஒளிக்கும் ஒரு வரைபடம் போட்டு அனுப்பியிருக்கிறான். பெரும்பாலான விண்மீன்கள் ஒரே வளைகோட்டில் அமைந்திருக்க, சில மட்டும் அதற்குச் சற்று மேலே தனி வரிசையாக நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறான்.