மாதம் ஒரு புத்தகம் வராவிட்டால் விளையாட்டு செத்துவிடுமா?

"மாதாமாதம் புதுப் புத்தகம் வராத ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு கதைமாந்தராகி, விதிப் புத்தகங்களை வைத்துக் குழுவாக ஆடும் விளையாட்டு) செத்துப்போன விளையாட்டு, டி.எஸ்.ஆர். நிறுவனம் மூழ்கியதும் வெளியீடுகள் போதாததால்தான்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இது தவறு. நடந்தது ஏறக்குறைய நேரெதிர்.

1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி.யை வெளியிட்ட டி.எஸ்.ஆர்., 1990-களில் புத்தகங்களைக் கொட்டிக் குவித்தது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப் என ஒவ்வொரு கற்பனை உலகுக்கும் தனி வரிசை. ஒரு குழு பெரும்பாலும் ஓர் உலகில்தானே ஆடும்? மற்ற உலகங்களின் புத்தகங்களை அவர்கள் ஏன் வாங்க வேண்டும்? வாங்குபவர்கள் சிதறினார்கள், விற்காத பிரதிகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன, கடன் ஏறியது. மிகை வெளியீடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பகடை விளையாட்டு போன்ற பிற பொருட்களிலும் பணம் முடங்கியது. 1997-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற விளையாட்டு நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது.

சரி, மெதுவாக வெளியிட்டால்? 2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். ஆண்டுக்குச் சில புத்தகங்கள்தான். வீரர்களுக்கான பெரிய விதி விரிவாக்க நூல் 2017 நவம்பரில்தான் வந்தது. அந்த இடைவெளியில் விளையாட்டு சாகவில்லை, வளர்ந்தது.

மாத வெளியீடே கூடாது என்பதும் சரியல்ல. பைசோ நிறுவனம் 2007 முதல் பல ஆண்டுகள் பாத்ஃபைண்டர் என்ற வரிசையில் ஆடுவதற்கான சாகசக் கதைப் புத்தகங்களை மாதந்தோறும் தந்தது. அவை தொடர்கதை போன்றவை, சந்தாதாரர்களும் இருந்தார்கள்; அதனால் அங்கே மாத வெளியீடு பொருந்தியது.